நோயைச் சரியாகச் சொன்னேன், மார்க் மட்டும் மூன்று

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மெடிசின் போஸ்டிங்கில் ஒரு நாள் காலை, அசிஸ்டெண்ட் புரொஃபசர் மேடம் இவரை ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போய், "இந்த அம்மாவைப் பாருங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றிருக்கிறார். மேடத்தின் கையில் ஒரு பக்கப் படிவம். நோயாளி நாற்பதைத் தாண்டிய பெண், மூச்சு வாங்குகிறது என்று வார்டில் சேர்ந்தவர். இருபது நிமிடத்தில் இவர் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருக்கம் என்று சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் படிவத்தில் "நோயாளியை நடத்தும் விதம்", "நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல்" என்ற இரண்டு தலைப்பிலும் ஒன்பதுக்கு மூன்று. அடுத்த கட்டிலில் நோயையே தவறாகச் சொன்ன நண்பருக்கு அதே தலைப்புகளில் ஆறும் ஏழும். போதாக்குறைக்கு, பரிசோதனையின் நடுவே மேடம் "முதல்ல ஸ்கிரீனை இழுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நோயாளி சிரித்தாராம். போன மாதம் அட்டெண்டன்ஸ் விஷயத்தில் மேடத்தோடு வாக்குவாதம் நடந்ததால் இது பழிவாங்கல்தான் என்கிறார் மாணவர்.

கேட்பது இவை: டீனிடம் புகார் கொடுக்கலாமா? ஆர்.டி.ஐ. போடலாமா? இந்த மார்க்கால் பல்கலைக்கழகத் தேர்வில் சிக்கல் வருமா? உண்மையான நோயாளியை வைத்து மார்க் போடுவதே சரியா, பொம்மையும் நடிக்கும் நோயாளியும் இருக்கும்போது? அடுத்த முறை போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா?

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கோபம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். "கிளம்பும்போது அந்த அம்மா, 'தம்பி, எனக்கு ஆபரேஷன் பண்ணணுமா'ன்னு கேட்டாங்க. 'மேடம் சொல்லுவாங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். புகாருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ உங்கள் மூன்று மார்க்குக்கான விளக்கம் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பெயர் மினி சி.இ.எக்ஸ். அமெரிக்காவில் உள்மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்களை மதிப்பிட, ஜான் நார்சினியும் அவரோடு இருந்தவர்களும் 1995-இல் எழுதி அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு அங்கே இருந்த முறையில் ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு தேர்வாளர், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நம் ஊர்த் தேர்வில் ஒரே நோயாளியை நெடுநேரம் பார்க்கும் லாங் கேஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த ஓட்டை என்னவென்றால், அன்றைக்கு அமைந்த நோயாளியும் அன்றைக்கு அமைந்த தேர்வாளரும்தான் மாணவரின் தலையெழுத்து. அதனால் நேரத்தைப் பதினைந்து இருபது நிமிடமாகக் குறைத்தார்கள். நோயாளிகளையும் பார்ப்பவர்களையும் பலராக்கினார்கள். பார்த்த கையோடு ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, எது நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும் என்று பேச வேண்டும் என்றும் வைத்தார்கள். ஏழு தலைப்புகள்: விவரம் கேட்பது, உடல் பரிசோதனை, மனிதரை மனிதராக நடத்துவது, மருத்துவ முடிவு, விளக்கிச் சொல்வது, ஒழுங்காகவும் நேரத்துக்குள்ளும் செய்வது, கடைசியாக ஒட்டுமொத்தத் திறன். ஒன்றிலிருந்து மூன்று வரை போதாது, நான்கிலிருந்து ஆறு வரை பரவாயில்லை, ஏழிலிருந்து ஒன்பது வரை நன்று.

நோய்ப் பெயர் ஒரு தலைப்புக்குத்தான்

உங்கள் முதல் தவறான கணக்கு இங்கே. நோயைச் சரியாகச் சொல்லிவிட்டால் மற்ற தலைப்புகளும் தானாக உயரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மார்க் பட்டியலைப் பாருங்கள், "மருத்துவ முடிவு" என்ற இடத்தில் உங்களுக்கு ஏழு. அதை மேடம் கொடுத்துவிட்டார். ஒரு தலைப்பில் நன்றாகச் செய்தவருக்கு எல்லாத் தலைப்பிலும் அள்ளிப் போடுவது தேர்வாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரே ஆளுக்கு ஏழும் மூன்றும் போட்ட ஒருவர், என் அனுபவத்தில், தலைப்பைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பழிவாங்க நினைப்பவர் முடிவுக்கு ஏழு போட்டு ஏன் தன் கையைக் கட்டிக்கொள்ளப் போகிறார்?

இன்னொன்று. "வால்வு சுருங்கியிருக்குன்னு சொன்னாங்க" என்று அந்த அம்மாவே உங்களிடம் சொன்னதாக இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதில் குற்றமில்லை. நோயாளி சொல்வதைக் கேட்பதும் வேலைதான். நாங்கள் படித்த காலத்திலும் தேர்வு நெருங்கினால் பழைய நோயாளிகளுக்கு ஆள் அனுப்பி, பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து வரவழைப்பார்கள். வருடா வருடம் வருகிறவர்களுக்கு நோயின் பெயர் இங்கிலீஷிலேயே அத்துபடி. ஒரு பெரியவர், மண்ணீரல் வீங்கியவர், என்னிடம் "இடது பக்கம் நல்லா அழுத்திப் பாருங்க சார், நாலு விரல் வரும்" என்றே சொன்னார். நான் பாஸ். இரண்டு நாளில் முப்பது பேர் அழுத்தியதில் அவருக்கு வயிறு கன்றிப்போனது. அன்றைக்கு என்னை மதிப்பிட்ட இருவரும் நான் அவரைத் தொட்ட விதத்தைப் பார்க்கவே இல்லை. அவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். நான் போய்க் கதை சொன்னேன், மார்க் வாங்கினேன். உங்கள் மேடம் உங்கள் பக்கத்தில் நின்றார். நாற்பது வருடத்தில் மாறியது இதுதான், தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமை.

மயக்கம் என்றால் என்ன மயக்கம்?

விவரம் கேட்பதில் ஐந்து வாங்கியிருக்கிறீர்கள். "மயக்கம் வருமா என்று கேட்டேன், வரும் என்றார், சின்கோப் என்று சொன்னேன். மேடம் வேண்டுமென்றே 'என்ன மயக்கம்?' என்று குடைந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். குடையத்தான் வேண்டும். சின்கோப் என்றால் கொஞ்ச நேரம் நினைவு தப்பிப்போவது. நம் ஊரில் மயக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் தலைசுற்றலும் இருக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருவதும் இருக்கிறது, நினைவு தப்பி விழுவதும் இருக்கிறது, வெறும் அசதியும் இருக்கிறது. பசி மயக்கம், பித்த மயக்கம் வேறு. "கீழே விழுந்தீங்களா? விழுந்தது உங்களுக்கே தெரியுமா, பக்கத்தில் இருந்தவங்க சொல்லித் தெரியுமா?" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அது சின்கோப்பா இல்லையா என்று தெரிந்திருக்கும். "இளைப்பு" என்பதும் அப்படித்தான். ஒருவருக்கு அது ஆஸ்துமா, இன்னொருவருக்கு மாடி ஏறினால் வாங்கும் மேல்மூச்சு, மூன்றாமவருக்கு உடம்பு மெலிந்துபோனது. பின்னாளில் வால்வைக் கெடுக்கும் மூட்டுக் காய்ச்சல் சின்ன வயசில் வந்ததா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "பள்ளிக்கூடம் படிக்கிறப்ப முட்டி வீங்கி நடக்க முடியாம இருந்தீங்களா, மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டாங்களா?" என்று கேட்டால் சட்டென்று தலையாட்டுவார்கள்.

பொம்மையை வைத்தும் நடிப்பவரை வைத்தும் தேர்வு நடத்தலாமே என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. அதற்குரிய இடம் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் எழுதிய ஆஸ்கி முறை, எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே அளவுகோல் என்ற நியாயத்தைக் கொண்டுவந்தது. நண்பருக்கு ஆறு எனக்கு மூன்றா என்ற ஒப்பீடு அங்கே செல்லும். ஆனால் அங்கே "மயக்கம்" என்று நடிப்பவர் என்ன மயக்கம் என்பது தாளில் எழுதியிருக்கும். ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-இல் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் தெரிவது, அதன் மேல் எப்படிச் செய்வதென்று தெரிவது, அப்புறம் செய்து காட்டுவது, உச்சியில் நிஜமாகச் செய்வது. ஆஸ்கி மூன்றாம் படி வரை போகும். நாலாவது படி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு திருத்தம்: மேடம் நின்று பார்க்கும்போது நீங்கள் செய்வதும் முழுக்க நிஜமில்லை. யாரும் பார்க்காதபோது இன்னும் அவசரமாகச் செய்வோம். அப்படியென்றால் பார்க்கும்போதே ஸ்கிரீனை இழுக்க மறந்தவர்...

சரி, அதை விடுங்கள். குத்திக்காட்ட எழுதவில்லை.

அந்த அம்மா கேள்வித்தாள் அல்ல

"இலவச சிகிச்சை வாங்குகிறவர்கள், அதனால் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் நான் மென்மையாகத் திருத்த விரும்பாத இடம் இது ஒன்றுதான். சீனியர்கள் சொல்வது தவறு. அரசு மருத்துவமனை மக்கள் வரியில் நடக்கிறது, அந்த அம்மா தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறார். அது போகட்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் தனிமை, கண்ணியம், ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று இருக்கிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பிரிவு அதில் கிடையாது. மாணவர் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதற்காக அவருடைய சிகிச்சை ஒரு மாத்திரை அளவுகூடக் குறையக்கூடாது.

மைட்ரல் வால்வு முணுமுணுப்பைக் கேட்க நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் மணி முனையை மார்புக்குக் கீழே மெதுவாக வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், சரியாகவும் செய்திருக்கிறீர்கள். அதற்கு ரவிக்கையைத் தளர்த்த வேண்டும். சுற்றி உங்கள் பேட்ச் ஐந்து பேர், எதிர்க்கட்டிலில் யாரோ, வழியில் சாப்பாட்டு வண்டி. அந்த அம்மா சிரித்தது உங்களைப் பார்த்துத்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எனக்குத் தெரிந்து வார்டில் பெண்கள் அந்தச் சிரிப்பைச் சிரிப்பது பெரும்பாலும் கூச்சத்தில், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நமக்காகப் பேசினார் என்ற நிம்மதியில். மேடம் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன். இதற்கு மட்டும் இல்லை. அந்த நொடியில் சொல்லாவிட்டால் ஸ்கிரீன் அந்த அம்மாவுக்குப் பயன்படாது.

நீங்கள் மாணவர் என்று அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோரும் அவருக்கு டாக்டர்தான். அதனால்தான் ஆபரேஷன் பற்றி உங்களிடம் கேட்டார். "மேடம் சொல்லுவாங்க" என்பது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை. ஆபரேஷன் உண்டு என்றோ இல்லை என்றோ நீங்கள் சொல்லியிருக்கவும் கூடாது. எக்கோ எனும் இதய ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல் கால் ரத்தக்குழாய் வழியாக பலூன் வைத்தே வால்வை விரித்துவிடலாம், சிலருக்கு மாத்திரையே போதும். "அம்மா, நான் இங்க படிக்கிற மாணவன். ஆபரேஷன் வேணுமா இல்லையான்னு எக்கோ எடுத்த அப்புறம் பெரிய டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க இதை நினைச்சுப் பயப்படுறீங்கன்னு மேடத்துக்கிட்ட சொல்றேன்." அரை நிமிடம் ஆகும். விளக்கிச் சொல்லுதல் என்ற தலைப்பில் மூன்று ஆறாகியிருக்கும்.

இனி புகார் விஷயம்

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நீங்கள் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் மேடம் படிவத்தில் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் என்கிறீர்கள். லாக் புக்கில், அதாவது உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில், "பின்னூட்டம் பெற்றேன்" என்ற கட்டத்தில் உங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். தவறு இதுதான். பேசாமல் எண் மட்டும் போட்டால் இந்த முறைக்கு உயிரே இல்லை. 2019-இல் சேர்ந்த பேட்ச் முதல் நம் நாட்டில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்ததே இதற்காகத்தான். தேசிய மருத்துவ ஆணையத்தின் லாக் புக் மாதிரியில் எதிர்பார்ப்புக்குக் கீழே, எதிர்பார்த்தபடி, அதற்கு மேலே என்று மூன்று நிலை இருக்கிறது. முடிந்தது, திரும்பச் செய்க, தனிப்பயிற்சி தருக என்று ஆசிரியர் முடிவு எழுத வேண்டிய கட்டமும் இருக்கிறது. உங்களுடையதில் அந்தக் கட்டம் காலி. முன்னூறு நோயாளி இருக்கும் யூனிட்டில் ஒரு உதவிப் பேராசிரியருக்குப் பத்து நிமிடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பது உங்கள் உரிமை.

பாரபட்சம் என்று டீனுக்கு எழுதினால் என்ன நடக்கும்? ஆதாரம் கேட்பார்கள். அட்டெண்டன்ஸ் சண்டையைச் சொல்வீர்கள். மேடம் ஸ்கிரீனைச் சொல்வார். அறையில் இருக்கும் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். அதைவிட, முதலில் மேடத்திடமே போய், "மேடம், அந்த ரெண்டு தலைப்புல நான் என்ன செஞ்சிருக்கணும்னு அஞ்சு நிமிஷம் சொல்ல முடியுமா? இன்னொரு நோயாளியைப் பார்க்கறப்ப வந்து நிக்க முடியுமா?" என்று கேளுங்கள். மறுத்தால் யூனிட் சீஃப், அப்புறம் துறைத் தலைவர். கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். அங்கே போகும்போது "எனக்கு மூன்று போட்டார்" என்று ஆரம்பிக்காமல் "பின்னூட்டம் கிடைக்கவில்லை, முடிவுக் கட்டம் காலியாக இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். இந்தப் புகாருக்கு எதிர்வாதம் கிடையாது. லாக் புக்கே சாட்சி. திரும்பவும் சண்டை வரும் என்று பயமாக இருந்தால், வேறொரு ஆசிரியர் உங்களைப் பார்க்கட்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை. ஒருவர் கறார், ஒருவர் தாராளம். எட்டு, பத்து என்று வெவ்வேறு நோயாளிகளோடு வெவ்வேறு ஆட்கள் பார்த்தால்தான் ஒரு மாணவரைப் பற்றி நம்பிச் சொல்ல முடியும். ஒரே ஒரு காலையை வைத்து உங்களைப் பற்றி மேடம் முடிவுக்கு வரக்கூடாது, மேடத்தைப் பற்றி நீங்களும் வரக்கூடாது.

ஆர்.டி.ஐ. போடலாம். அரசுக் கல்லூரி, பத்து ரூபாய், முப்பது நாள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் விடைத்தாள் ஏது? நீங்கள் செய்தது காற்றோடு போய்விட்டது. முப்பது நாள் கழித்து உங்கள் கைக்கு வரப்போவது மூன்று என்று எழுதிய அதே தாளின் ஜெராக்ஸ். அதன் படம் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது, பதிவு செய்யும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மேடத்தை மாட்டவைக்க நீங்கள் பதிவு செய்வது அந்த அம்மாவின் உடம்பையும் அவர் சொன்ன குடும்ப விஷயங்களையும். அது வெளியே வந்தால் மேடம் இல்லை, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத் தேர்வு பற்றிய பயம் வேண்டாத பயம். தேர்வு எழுதத் தகுதி பெற இன்டர்னலில் தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதமும் சேர்த்து 50 சதவீதமும் வேண்டும். அந்தக் கணக்கில் பல டெஸ்ட்டும் பல போஸ்டிங்கும் சேரும். ஒரு நாள் காலையின் இரண்டு தலைப்பு அதை ஆட்டிவிடாது. உங்கள் மற்ற மார்க்குகளைப் பார்த்தேன், தூங்கலாம்.

அந்த அம்மா இன்னும் வார்டில் இருக்கிறாரா என்று நாளைக்குப் பாருங்கள். இருந்தால் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். எக்கோ எடுத்தாயிற்றா, அவருக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரையோ மேடத்தையோ கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள், அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். ஸ்டெதஸ்கோப்பைப் பையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த நெஞ்சில் இதுவரை எத்தனை பேர் வைத்துக் கேட்டார்களோ.